வீடு அங்கே, வேலை இங்கே

(புதுதில்லி, சாணக்யபுரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆறு மணிக்குக் கூட்டம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். ஆறே முக்காலுக்குத்தான் தொடங்க முடிந்தது. அமைப்பாளர்களைக் குறை சொல்ல வரவில்லை. துவாரகாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். மயூர் விஹார், இந்திராபுரம் பக்கத்திலிருந்து யமுனையைக் கடந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். குர்காவ்ன்காரர்கள் தௌலா குவானில் மாட்டிக்கொண்டு "இதோ வந்துட்டோம் சார்" என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். ஒரு மணி நேரப் பேச்சுக்காக மூன்று மணி நேரம் வண்டியில் உட்காரச் சம்மதித்தவர்களிடம் போய், தினசரிப் பயணத்தின் நட்டக் கணக்கைப் பேசுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேசிவிடுகிறேன்.

இதைப் பேசச் சாணக்யபுரியைவிடப் பொருத்தமான இடம் தில்லியில் இல்லை. நாடு விடுதலையடைந்த பிறகு, 1950களில், வெளிநாட்டுத் தூதரகங்களுக்கென்றே உருவாக்கிய பேட்டை இது. அகலமான சாந்தி பத், இரண்டு பக்கமும் புல்வெளி. சத்ய மார்க், நீதி மார்க், நியாய மார்க், விநய் மார்க் என்று தெருப்பெயரில் தர்மம் அத்தனையும் இருக்கிறது. சாந்தி பத் நெடுக ஒரு டீக்கடை கிடையாது. காலை எட்டு மணிக்கு இங்கே வந்து நின்று பாருங்கள். தோட்டக்காரர், சமையல்காரர், டிரைவர், வாசல் காவலாளி, விசாப் பிரிவு எழுத்தர், குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண் என்று ஒரு ஊரே உள்ளே வருகிறது. இரவு ஒன்பது மணிக்கு அந்த ஊர் வெளியே போய்விடுகிறது. இங்கே உழைப்பவர்களில் இங்கே தூங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வருவதும் சுலபமில்லை. பேட்டைக்குள் மெட்ரோ நிலையம் கிடையாது. லோக் கல்யாண் மார்க்கிலோ துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸிலோ மோதி பாக்கிலோ இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். ரயில் நிலையம் மட்டும் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. 1975-இல் சரக்கு வண்டிகளுக்காக 35 கிலோமீட்டருக்கு ஒரு ரிங் ரயில்வே போட்டார்கள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அதைப் பயணிகளுக்கும் சீர்செய்தார்கள். அதில் சாணக்யபுரி ஒரு நிலையம். ரயில் எப்போது வரும் என்று இந்தச் சபையில் ஒருவருக்காவது தெரிந்தால் அவருக்கு என் நமஸ்காரம். பக்கத்திலேயே தேசிய ரயில் அருங்காட்சியகம் வேறு இருக்கிறது. அங்கே கூட்டம் அதிகம்.

நம்மவர்கள் கதைக்கு வருவோம். தில்லித் தமிழர்களில் பழைய தலைமுறை பெரும்பாலும் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவர்கள். கோல் மார்க்கெட், கரோல் பாக், லோதி காலனி, அப்போது விநய் நகர் என்றிருந்த இன்றைய சரோஜினி நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம். குவார்ட்டர்ஸ் கிடைத்த இடத்தில் குடும்பம், அங்கிருந்து சைக்கிளில் செக்ரடேரியட். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி. நம்மவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு வேறு வரைபடமே வேண்டாம். 1923-இல் தொடங்கிய அமைப்பு அது. தமிழ் தெரிந்த குழந்தை நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றுதான் வைத்தார்கள்.

பிறகு ஓய்வு பெற்றோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். 80களில் பட்பர்கஞ்ச், மயூர் விஹார் சொசைட்டிகளுக்குப் போனோம். அடுத்த தலைமுறை வசுந்தரா, இந்திராபுரம், நொய்டா, குர்காவ்ன் என்று போனது. அதற்கடுத்தது கிரேட்டர் நொய்டாவுக்கும் ராஜ் நகர் எக்ஸ்டென்ஷனுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. பள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. விட்டு வந்த குவார்ட்டர்ஸோ இடிபட்டுக்கொண்டிருக்கிறது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு காலனிகளை இடித்துக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நௌரோஜி நகரில் குமாஸ்தாக்கள் குடியிருந்த இடத்தில் இன்று உலக வர்த்தக மையம் என்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. வீடு இருந்த இடத்துக்கு ஆபீஸ் வந்துவிட்டது. அந்த ஆபீசுக்கு ஆள் எங்கிருந்து வருவார்? இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், பழைய குவார்ட்டர்ஸ் மனையில் நடக்கிற கூத்து இது.

ஆக, வீட்டை வெளியே வாங்கினோம். தப்பா? அப்படிச் சொல்ல மாட்டேன். இங்கே ஒரு கார் ஷெட் வாங்குகிற காசுக்கு அங்கே மூன்று படுக்கையறை கிடைக்கிறது என்றால் குடும்பஸ்தன் என்ன செய்வான்? நான் கேட்பது வேறு. வாங்கும்போது எதையெல்லாம் கணக்கில் சேர்த்தோம்? சதுர அடி விலை, தவணை, பெட்ரோல், மெட்ரோ கட்டணம். இவ்வளவுதானே?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மாதம் 22 வேலைநாள். 66 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலைநாளாக வைத்தால் எட்டு நாளுக்குக் கொஞ்சம் மேல். அதாவது 22 நாள் சம்பளத்துக்கு 30 நாள் உழைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையும் சனிக்கிழமையும் மனசளவில்தான் விடுமுறை.

இதைப் பற்றி உலகத்தில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அலாய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரே என்று சுவிட்சர்லாந்தின் இரண்டு பொருளாதார அறிஞர்கள். ஜெர்மனியில் ஆண்டுதோறும் ஒரே குடும்பங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுச் சேர்த்த தகவல்களை எடுத்துக்கொண்டார்கள். பொருளாதாரப் பாடப்புத்தகம் என்ன சொல்கிறது? தூரத்திலிருந்து வருபவனுக்கு அதற்கு ஈடாக நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ கிடைத்திருக்கும், இல்லாவிட்டால் அவன் போயிருக்க மாட்டான் என்று சொல்கிறது. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அவர்கள் கண்டது நேர்மாறு. பயண நேரம் கூடக்கூட, வாழ்க்கையில் திருப்தி இருக்கிறதா என்ற கேள்விக்கு மக்கள் கொடுத்த மதிப்பெண் குறைந்துகொண்டே போனது. ஈடு கிடைக்கவில்லை. 2008-இல் அந்தக் கட்டுரை அச்சானது. அதற்கு நான்கு வருடம் முன்பு, உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு சேர்ந்தவர்களும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், நேற்று முழு நாளும் என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றும் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். காலையில் வேலைக்குப் போகிற பயணம்தான் பட்டியலில் கடைசி. வீட்டு வேலைகூட அதற்கு மேலே இருந்தது.

ஏன் இப்படி ஏமாந்து போகிறோம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பெரிய ஹால் ஆறு மாதத்தில் பழகிவிடும். அது அங்கே இருப்பதே மறந்துவிடும். டி.என்.டி. மேம்பாலத்தில் இன்றைக்கு நாற்பது நிமிடமா தொண்ணூறு நிமிடமா என்பது எத்தனை வருடம் ஆனாலும் பழகாது. வீடு பார்க்கப் போவதும் ஞாயிற்றுக்கிழமை காலையில். ரோடு காலியாக இருக்கும். புரோக்கர், "கனாட் பிளேஸ் முப்பது நிமிஷம்தான் சார்" என்று சொல்வார். அவர் சொல்வது பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பது நிமிடம்தான்.

பயணத்தில் ஒரு சுகமும் இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். இருந்தது. சார்ட்டர்ட் பஸ் காலத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர். அவரவருக்கு ஒரு சீட், ஜன்னல் ஓரம் ஸ்வெட்டர் பின்னும் அம்மாக்கள், பின்சீட்டில் சீட்டுக் கச்சேரி, பதவி உயர்வு வந்தால் லட்டு. பல்வலிலிருந்தும் பாணிபட்டிலிருந்தும் வரும் வண்டிகளில் மாத சீசன் டிக்கெட்காரர்கள் இன்றைக்கும் பஜனை பாடிக்கொண்டு வருகிறார்கள். மெட்ரோவில் 2010 அக்டோபர் 2-இலிருந்து முதல் பெட்டியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். நாள் முழுக்க யாருக்காவது எதையாவது எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு பெண்ணுக்கு, யாரும் எதுவும் கேட்காத நாற்பது நிமிடம் அந்தப் பெட்டியில்தான் கிடைக்கிறது என்று என் மருமகள் சொல்வாள். நின்று நின்று கால் வலித்தவர்கள் அந்தப் பெட்டியில் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். தரையில் உட்கார்ந்தால் அபராதம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வீட்டுக்குள் ஒருவர் தூரப் பயணம் போனால் அந்தச் சுமை அவர் தலையில் மட்டும் விழுவதில்லை. அவர் ஏழு மணிக்குக் கிளம்ப இன்னொருவர் நாலரைக்கு எழுந்திருக்கிறார். கணவனுக்குக் குர்காவ்னில் பெரிய வேலை என்றால், பள்ளிவிட்டு வரும் குழந்தைக்குக் கதவு திறக்க ஒரு ஆள் வேண்டும் என்று மனைவி பக்கத்துப் பள்ளியில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்கிறாள். வீட்டுக்கு வாங்கிய கடனில் அவள் இழந்த பாதிச் சம்பளமும் இருக்கிறது. எந்த வங்கி அறிக்கையிலும் வராது.

அரசாங்கம் பயணத்தை எப்படி எடைபோடுகிறது? ஏழாவது ஊதியக் குழுவின்படி, தில்லி போன்ற பெருநகரங்களில் போக்குவரத்துப் படி, ஒன்பதாம் நிலைக்கும் அதற்கு மேலும் 7,200 ரூபாய். மூன்று முதல் எட்டு வரை 3,600 ரூபாய். அடிமட்டத்தில் 1,350 ரூபாய். இதன் மேல் அகவிலைப்படி. நீங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள் என்ற கேள்வியே அதில் இல்லை. பண்டாரா ரோட்டில் இருக்கும் அதிகாரிக்கு ஆபீஸ் இரண்டு கிலோமீட்டர். அவர் ஆபீசில் கோப்பு தூக்குகிறவர் பல்வலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வருகிறார். யாருக்கு எவ்வளவு படி என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். இந்த விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயணம் என்பது கார் வைத்திருப்பவர் செலவு என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

1994-இல் செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் ஒரு கருத்தை எழுதினார். மனிதன் எந்தக் காலத்திலும் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் பயணத்துக்குக் கொடுப்பான். வண்டியின் வேகம் கூடினால் நேரத்தை மிச்சம் பிடிக்க மாட்டான், இன்னும் தள்ளிப் போய்க் குடியிருப்பான் என்று. தில்லியில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டோம். 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே முதல் மெட்ரோ ஓடியது. 2009-இல் நொய்டா, 2010-இல் குர்காவ்ன், 2015-இல் பரீதாபாத். இப்போது மீரட் பாதையில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் நமோ பாரத் ரயில். ஒவ்வொரு பாதையும் திறக்கும் முன்பே அதன் கடைசி நிலையத்துக்கு அப்பால் மனை விற்றுவிடுகிறார்கள். மார்க்கெட்டி சொன்னது தள்ளிப் போகிறவர்களுக்குப் பொருந்தும். தள்ளி அனுப்பப்பட்டவர்களுக்குப் பொருந்தாது. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான்.

முதல் உதாரணம் நம் காலடியில் இருக்கிறது. மால்சா மார்க் என்று தினமும் சொல்கிறோமே, மால்சா என்பது இங்கே இருந்த கிராமம். 1911 தர்பாரில் தலைநகரைத் தில்லிக்கு மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். புதிய நகருக்காக எடுத்த நிலங்களில் மால்சாவும் ஒன்று. அந்த மக்கள் சோனிபட் பக்கம் ஹர்சானா கலான் என்ற ஊரில் போய்க் குடியேறினார்கள். அங்கே அவர்கள் இருக்கும் பகுதிக்கு இன்றும் மால்சா பட்டி என்றுதான் பெயர். அவர்கள் விவசாயிகள். நிலம் போனதோடு வேலையும் போனதால் தினமும் திரும்பி வரும் கஷ்டம் அவர்களுக்கு இல்லை.

அடுத்த முறை அனுப்பியபோது கதை மாறியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975-க்கும் 77-க்கும் இடையே, தில்லியின் குடிசைகளிலிருந்து ஏறத்தாழ 7 லட்சம் பேரை அள்ளிக்கொண்டு போய் மங்கோல்புரி, சுல்தான்புரி, நந்த் நகரி, திரிலோக்புரி என்று அன்றைய ஊர்க்கோடிகளில் விட்டார்கள். 2004-இல் யமுனைக் கரையின் புஷ்தா குடிசைகளை இடித்து, அங்கே இருந்தவர்களைப் பவானாவுக்கு அனுப்பினார்கள். பிறகு சாவ்தா கேவ்ராவுக்கும் அனுப்பினார்கள். இவர்கள் எல்லோருக்கும் வேலை நகருக்குள்ளேயே இருந்தது. வீடு மட்டும் வெளியே போனது.

வேலையும் சேர்ந்து வெளியே போக வேண்டும் என்று யாரும் யோசிக்காமல் இல்லை. தில்லியின் முதல் மாஸ்டர் பிளான் 1962-இல் வந்தது. ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய ஆல்பர்ட் மேயர் குழுவும் நம் நகரமைப்பாளர்களும் சேர்ந்து உழைத்துப் போட்ட திட்டம். காஜியாபாத், பரீதாபாத், வல்லப்கட், குர்காவ்ன், பஹாதுர்கட், லோனி, நரேலா ஆகியவற்றை வளைய நகரங்களாக வளர்க்க வேண்டும் என்றார்கள். தொழிலும் ஆபீசும் வீடும் சேர்ந்து அங்கே வளரட்டும், தில்லிக்கு வந்துபோகும் கூட்டம் குறையட்டும் என்பது யோசனை. நல்ல யோசனை. குர்காவ்னுக்கு வேலை போனது, அது தனிக்கதை. நரேலாவில் தில்லி வளர்ச்சி ஆணையம் அடுக்குமாடிகளைக் கட்டிக்கொண்டே போனது. குடிபோக ஆளில்லை. ஆயிரக்கணக்கில் வீடுகள் வருடக்கணக்காக விற்காமல் கிடந்தன. விலையைக் குறைத்துப் பார்த்தார்கள், சலுகை கொடுத்துப் பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்கக்கூடியவர்கள் தூரத்தை எடைபோட்டு "வேண்டாம்" என்று சொன்ன இடம் அது.

அந்த நரேலாவுக்குத்தான் ஜங்புரா மெட்ராஸி கேம்ப் மக்களை அனுப்பினார்கள்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். பாராபுல்லா வடிகால் ஓரமாக, நிஜாமுத்தீன் ரயில் நிலையத்துக்கு அதிகத் தூரமில்லாத இடத்தில், சுமார் 370 வீடுகள். பெரும்பாலும் தமிழர்கள். பல குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே. வடிகாலைத் தூர்வார ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட்டது. ஜூன் 1-ஆம் தேதி இடித்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேற்பட்ட குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். அந்த வீடுகள் நரேலாவில், சாலை வழியே 40 கிலோமீட்டருக்கு மேல்.

வடிகால் ஓரத்தில் வாழ்வது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் சாக்கடை வீட்டுக்குள் வரும். வடிகாலைத் தூர்வார வேண்டியதும் உண்மை. ஆனால் அந்த கேம்ப் பெண்கள் செய்கிற வேலையின் அமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஜங்புரா, நிஜாமுத்தீன், டிஃபன்ஸ் காலனிக் கோட்டிகளில், அதாவது பங்களாக்களில், வீட்டு வேலை. ஒரே முதலாளியிடம் ஒன்பதிலிருந்து ஆறு வரை என்று கிடையாது. அங்கிருந்து போன ஒரு அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "காலையில மூணு வீடு சார், ஜாடு-போச்சாவும் பாத்திரமும். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து சோறாக்கி, துணி துவைச்சு, பிள்ளைங்க ஸ்கூல்ல இருந்து வந்ததும் சாப்பாடு போட்டுட்டு, நாலு மணிக்குத் திரும்ப ரெண்டு வீடு. இப்ப நரேலாவுல இருந்து காலையில வந்துட்டா பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் எங்க சார் உட்காருறது? பார்க்குலயா?" சாயங்காலத்து இரண்டு வீட்டையும் விட்டுவிட்டார். காலையில் ஏழு மணிக்கு ஒரு வீட்டில் காப்பி டம்ளர் கழுவ இருக்க வேண்டும். அந்த வீடும் போனது. வேறு ஆள் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. மிச்சம் இரண்டு.

பயணம் நான்கு மணி நேரத்தைத் தின்றது என்று மட்டும் கணக்குப் போட்டால் இது பிடிபடாது. துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிய பிழைப்பு, பக்கத்தில் வீடு இருந்தால்தான் நிற்கும். மேம்சாப் ஊருக்குப் போகிறேன், பத்து நாள் வராதே என்றால் அடுத்த தெருவில் இன்னொரு வீடு கேட்டுச் சமாளிக்கலாம். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அடுத்த தெரு என்று ஒன்று கிடையாது.

போகிற வழியையும் சொல்கிறேன். அடுக்குமாடியிலிருந்து இ-ரிக்‌ஷாவில் பஸ் நிற்கும் இடத்துக்கு. அங்கிருந்து பஸ்ஸில் ஆசாத்பூரோ காஷ்மீரி கேட்டோ. அங்கே மாறி ஜங்புரா பக்கம். நரேலாவில் ரயில் நிலையம் உண்டு. பாணிபட் பக்கத்திலிருந்து வரும் வண்டி அங்கே நிற்கும்போது ஏற்கெனவே கதவில் தொங்குவார்கள். மெட்ரோ ஏற வேண்டுமானால் சமய்பூர் பாத்லி வரை வர வேண்டும். பாத்லியிலிருந்து ஜங்புராவுக்கு, 2025 ஆகஸ்ட் கட்டண உயர்வுக்குப் பிறகு, ஒரு வழிக்கு 54 ரூபாய். போக வர 108. மாதம் 26 நாள் என்றால் 2,800 ரூபாய்; கார்டுக்குத் தள்ளுபடி போனாலும் ஒரு வீட்டுச் சம்பளம் அதிலேயே கரைந்துவிடும். தில்லியில் 2019 அக்டோபரில் டி.டி.சி. பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாக்கினார்கள். பெரிய உதவி, மறுக்கவே முடியாது. அதனால் இவர்கள் பஸ்ஸில்தான் போகிறார்கள். விளைவு என்ன? மெட்ரோ டிக்கெட் காசு மிச்சமாகி, அதற்குப் பதில் இன்னும் ஒரு மணி நேரம் போகிறது.

பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். ஏழு பள்ளிகள் என்று சொன்னேனே, அதில் ஒன்றுகூட வடக்குத் தில்லியில் இல்லை. பத்து வயதுப் பிள்ளை தினம் எண்பது கிலோமீட்டர் போய்வர வேண்டும், அல்லது தமிழை விட வேண்டும். மூன்றாவது வழி, அக்கம்பக்கத்தில் எங்காவது ஒண்டுக்குடித்தனம் பிடித்து வாடகை கொடுப்பது. அரசாங்கம் கொடுத்த வீடு அங்கே, வாடகை வீடு இங்கே.

சென்னையில் இருந்தால் இதெல்லாம் நடக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2000-இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களை, குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பெண்கள் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் செய்த வீட்டு வேலைக்கும் இதே கதிதான். ஊர் வேறு, அரசு வேறு, கட்சி வேறு. கணக்கு ஒன்று.

சட்டத்தில் வழி இல்லையா என்றால், இருக்கிறது. தில்லியின் 2015-ஆம் ஆண்டுக் குடிசைப்பகுதி மறுவாழ்வுக் கொள்கை, முடிந்தால் அதே இடத்தில் வீடு கொடு, இல்லாவிட்டால் ஐந்து கிலோமீட்டருக்குள் கொடு, அதற்கு மேல் போவது விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. எழுதியவர்களுக்குப் பயணத்தின் விலை தெரிந்திருக்கிறது. செய்ய முடியாத காரியமும் இல்லை. கல்காஜியில் பூமிஹீன் கேம்ப் மக்களுக்குப் பக்கத்திலேயே 3,024 வீடுகள் கட்டி 2022 நவம்பரில் சாவி கொடுத்தார்கள். வீடு சின்னது, லிஃப்ட் சண்டை உண்டு, குறைகள் உண்டு. ஆனால் மறுநாள் காலை அதே கோட்டிக்கு நடந்தே வேலைக்குப் போக முடிந்தது.

ஜங்புராவுக்கு அருகே நிலம் இல்லை என்பார்கள். இந்தப் பேட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தால் அந்த வார்த்தையை நம்புவது கஷ்டம். சர்க்கார் நிலத்துக்கு இங்கே பஞ்சமில்லை. ஏழு காலனி நிலத்தில் ஆபீஸ் கோபுரம் கட்டி விற்க முடிந்தபோது, அந்த ஆபீஸ்களைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கு ஒரு ஓரத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். நான் இதை ஏதோ தர்மம் கேட்பதுபோலக் கேட்கவில்லை. தொழிலாளி விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வந்தால்தான் நகரம் எட்டு மணிக்குத் திறக்கிறது என்றால், அவர் வீடு நகரத்தின் செலவுதான்.

நரேலாவுக்கு மெட்ரோ வரப்போகிறது. ரிதாலாவிலிருந்து பவானா, நரேலா வழியாக ஹரியானாவின் நாதுபூர் வரை 26 கிலோமீட்டருக்கு மேல், 21 நிலையங்கள். 2024 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வரட்டும், நல்லது. அது வரும்போது வடக்கிலிருந்து தெற்குக்குப் போகும் நேரம் குறையும். நரேலா வீடுகளின் விலையும் ஏறும். இன்று இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்ற இடத்துக்கு அன்று போட்டி இருக்கும். அதற்குள் இந்தக் குடும்பங்களில் எத்தனை அங்கே மிஞ்சியிருக்கும் என்பதுதான் என் கவலை.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. குளிர்காலத்தில் புகைமூட்டம் வந்தால் தில்லி அரசு ஆபீஸ் பத்து மணிக்கு, மத்திய அரசு ஆபீஸ் ஒன்பதுக்கு, மாநகராட்சி எட்டரைக்கு என்று நேரத்தையே மாற்றிவிடுகிறார்கள். காற்றுக்காக ஒரு நகரத்தின் கடிகாரத்தைத் திருப்ப முடிகிறது. அப்படியானால் நரேலாவிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்கு முன்னால் கிளம்பி, எங்கும் மாறாமல், ஆசிரம் சௌக் வழியாக லாஜ்பத் நகர் வரை ஒரு பஸ் விட முடியாதா? காலையில் இரண்டு, மதியம் பள்ளி விடும் நேரத்தில் ஒன்று, மாலையில் இரண்டு. அந்தப் பெட்டிப்பெட்டியான அடுக்குமாடி வாசல் வரை அது வர வேண்டும். இதைக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி, வாசல் மேசையில் வைத்திருக்கிறேன்.

போகும்போது கையெழுத்துப் போடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் விட்டிருக்கிறேன். நீங்கள் எந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்கள் என்பது ஒன்று. உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா எங்கிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பி வருகிறார் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் தெரியாதவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட வேண்டாம். வீட்டுக்குப் போய் அவரிடமே கேட்டு நாளைக்கு எனக்குச் சொல்லுங்கள், நான் நிரப்பிக்கொள்கிறேன்.